பிரேக் மிதிச்சா ‘டொக்’னு ஒரு சத்தம்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

அண்ணே, எங்கிட்ட 1999 மாடல் மாருதி 800 இருக்கு, அப்பா வாங்குன வண்டி. கொஞ்ச நாளா பிரேக் மிதிச்சா முன்பக்கம் அடில ‘டொக்’னு ஒரு சத்தம், கிளட்ச் விட்டு வண்டிய எடுக்கும்போது இன்னொரு ‘டொக்’. ஒரு ஒர்க்‌ஷாப்ல முன்னாடி ரெண்டு ஷாக் அப்சர்பரும் மாத்துனாங்க, சத்தம் போகல. இப்ப ஸ்டீயரிங் ராக் மாத்தணும்ங்கறாங்க. மாத்தலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

தம்பி, அந்த ராக்குக்கு (ஸ்டீயரிங்க திருப்புனா சக்கரத்த திருப்பி விடற பல்லு வச்ச கம்பி) இப்ப காசு குடுக்காதீங்க. நீங்க எழுதுன ரெண்டு வரிலயே பாதி விஷயம் இருக்கு. பள்ளத்துல இறங்கும்போது சத்தம்னா ஷாக் அப்சர்பர், அத மேல பாடில பிடிக்கற ஸ்ட்ரட் மவுண்ட்னு யோசிக்கலாம். ஆனா பிரேக்குக்கு ஒண்ணு, வண்டி கெளம்பும்போது ஒண்ணுன்னா சக்கரம் முன்னயும் பின்னயும் நகருதுன்னு அர்த்தம். அதைப் பிடிச்சு வைக்க வேண்டிய ரப்பர் புஷ், அதாவது ரெண்டு இரும்பு சாமான் சேர்ற எடத்துல இடிக்காம இருக்க வைக்கற ரப்பர் வளையம், போயிருக்கும்.

800ல முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழ ஒத்தைக் கம்பி மாதிரி ஒரு லோயர் ஆர்ம் தான். அது சக்கரத்த பக்கவாட்டுல பிடிச்சுக்கும், ஆனா முன்னபின்ன போகாம தடுக்கறது ஸ்டெபிலைசர் பார் தான். வளைவுல வண்டி சாயாம பாத்துக்கற அதே கம்பிதான் இந்த வேலையையும் செய்யுது. அந்தக் கம்பியோட முனை ஆர்ம்ல நுழையற எடத்துல ரப்பர் புஷ், பாடில பிடிக்கிற எடத்துல இன்னொரு ஜோடி புஷ். இதெல்லாம் தேஞ்சு போச்சுன்னா பிரேக் போட்டதும் சக்கரம் பின்னாடி போய் இடிக்கும், கெளம்பும்போது முன்னாடி வந்து இடிக்கும், உங்களுக்குக் கேக்குற ரெண்டு சத்தமும் அதான்.

பாக்கறது சுலபம். கீழ நின்னு பாக்கற குழி (பிட்) இருக்கற எடத்துல வண்டிய நிறுத்தி, ஒருத்தர் உள்ள உக்காந்து கை பிரேக் போட்டுட்டு கால் பிரேக்கயும் அழுத்திக்கணும், இன்னொருத்தர் வெளிய நின்னு வண்டிய முன்னபின்ன ஆட்டணும், மூணாவது ஆள் கீழ இருந்து டார்ச் அடிச்சு அந்த புஷ்ஷ பாக்கணும். அப்புறம் ஒரு லீவர் வச்சு மெதுவா நெம்பிப் பாருங்க. ரப்பர் மேல மெல்லிசா வெடிப்பு இருந்தா மட்டும் பயப்பட வேண்டாம், பழைய ரப்பர் அப்படித்தான் இருக்கும். ரப்பர் இரும்ப விட்டு பிரிஞ்சிருக்கா, ஓட்டை ஒரு பக்கமா சாஞ்சு நீளமாகிருக்கா, அதைத்தான் பாக்கணும். வீட்டு வாசல்லயே பாக்கறதா இருந்தா தயவு செஞ்சு ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடில போயிடாதீங்க, ஸ்டாண்ட் போட்டுட்டு தான் போகணும்.

மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, லோயர் ஆர்மோட உள்பக்க புஷ்ஷயும் அப்பவே பாத்துடுங்க. நட்டு கழண்டுடாம குறுக்க போடற ஸ்ப்ளிட் பின் புதுசு போடணும், பழசையே நிமித்தி போட விடாதீங்க. புஷ் செட் வெலை ஒரு ஸ்டீயரிங் ராக்குக்கு பக்கத்துலகூட வராது.

சார், எங்க 2009 ஸ்விஃப்ட்ல லோயர் ஆர்ம் புஷ் மாத்தி எட்டு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள முன் புஷ் ரெண்டும் கிழிஞ்சு போச்சாம். கம்பெனி பார்ட்டுதான் போட்டோம், பில்லும் இருக்கு. ரோடு மோசம்ங்கறாங்க. அப்படியா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ரோடு எல்லாருக்கும் மோசம்தான் மேடம், ஆனா எட்டு மாசத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கிழிஞ்சிருக்குன்னா எனக்கு முதல் சந்தேகம் போல்ட்ட எப்ப டைட் பண்ணாங்கங்கறதுலதான். இத நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நல்ல மெக்கானிக்குங்க கூட இதுல தப்பு விடறாங்க, நானே தொழிலுக்கு வந்த புதுசுல ஒருத்தரோட வண்டிக்கு இதே தப்ப செஞ்சு அவர் ரெண்டாவது தடவை செலவு பண்ண வேண்டியதாயிடுச்சு, அது இன்னைக்கும் மனசுல உறுத்திட்டு இருக்கு.

இந்த புஷ் பேரிங் மாதிரி சுத்தற சாமான் கிடையாது. வெளிய ஒரு இரும்பு வளையம், உள்ள ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர், மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். வெளி வளையம் ஆர்ம்ல இறுக்கமா உக்காந்திருக்கும், உள் குழாய போல்ட் டைட் பண்ணி பிராக்கெட்டோட பிடிச்சிடுவாங்க. அப்புறம் ஆர்ம் மேல கீழ போறதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கிட்டு திரும்பறதாலதான்.

இப்ப பாருங்க, வண்டிய லிஃப்ட்ல தூக்குனா சக்கரம் கீழ தொங்கும். அந்த நெலமையில போல்ட்ட முழுசா டைட் பண்ணிட்டா, ரப்பருக்கு அதுதான் ‘நேரான’ நெல. வண்டிய கீழ எறக்குனதும் ஆர்ம் மேல வரும், ரப்பர் முறுக்கிக்கும், ஈரத்துணிய முறுக்கி அப்படியே கட்டி வச்ச மாதிரி. வண்டி சும்மா நிக்கும்போதே ரப்பர் கஷ்டப்பட்டுட்டு இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும். எவ்ளோ நாள் தாங்கும்?

அதனால தூக்கியிருக்கும்போது போல்ட்ட சும்மா பிடிக்கற அளவுக்கு மட்டும் போட்டுட்டு, வண்டிய எறக்கி, நாலு சக்கரத்துலயும் வெயிட் வந்தப்புறம் வண்டிய நாலு தடவை அமுக்கி விட்டு, பிட்ல நிறுத்தி எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு கடைசியா டைட் பண்ணணும். பத்து நிமிஷ வேலை. அடுத்த தடவை நீங்களே பக்கத்துல நின்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

இன்னொண்ணு, புஷ்ஷ சுத்தியல் வச்சு அடிச்சு ஏத்துனாங்களா, லேத் பட்டறைல பிரஸ்ல ஏத்துனாங்களான்னும் விசாரிங்க. அடிச்சா வளையம் கோணிக்கும். அதே ஆர்ம்ல பின்பக்க புஷ் வேற மாதிரி, அதுல ரப்பருக்கு நடுவுல காலி எடம் விட்டிருப்பாங்க, அது எந்தத் திசைய பாத்து இருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, பழசக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆர்ம்ல மார்க் போட்டுக்கணும். எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லனா டயர் ஒரு ஓரமா தின்னுடும்.

ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன் புஷ் போட்டா ஆயுசு முழுக்க வருமாமே?
– ஒரு வாசகர், ஈரோடு

ரப்பர விட கெட்டி, ஆயில் பட்டாலும் சீக்கிரம் ஊறாது, ஸ்டீயரிங் கொஞ்சம் கச்சிதமா இருக்கும், உண்மைதான். ஆனா அது முறுக்கிக்காது, உள்ள குழாய் சுத்தும், அதனால சிலிகான் கிரீஸ் போட்டே ஆகணும், அது காஞ்சா ‘கீச் கீச்’னு கத்தும். ரோட்டோட அதிர்வும் நேரா உள்ள வரும். வீட்டுல வயசானவங்கள கூட்டிட்டுப் போற வண்டிக்கு நான் ரப்பர்தான் சொல்லுவேன்.

வாட்டர் சர்வீஸ்ல அடில டீசல் கலந்த ஆயில் அடிக்கறாங்க, துருவுக்கு நல்லதுங்கறாங்க. அடிக்கலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

வேண்டாம்ணே. டீசலும் ஆயிலும் ரப்பர ஊற வச்சு கொழகொழன்னு ஆக்கிடும், மண்ணும் போய் ஒட்டிக்கும். அம்பாசிடர் காலத்துல முன் சக்கரம் திரும்பற எடத்துல இருந்த கிங் பின்னுக்கு கிரீஸ் அடிச்ச பழக்கம் நமக்கு, ஆனா ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டவே வேண்டாம். தண்ணி மட்டும் அடிச்சு மண்ணக் கழுவச் சொல்லுங்க. புஷ்ஷுக்கு மேல இன்ஜின் ஆயில் லீக் இருந்தா, இல்ல சக்கரத்த சுத்த வைக்கற டிரைவ் ஷாஃப்ட்டோட ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருந்தா, மொதல்ல அத சரி பண்ணிட்டு அப்புறமா புஷ் போடுங்க.