ஓட்டத்துக்கு முன் ஒரு கிளாஸ் டீ

கேள்வி: கல்லூரி அணியில் 5,000 மீட்டர் ஓடுகிறேன், எடை 50 கிலோ. போட்டிக்கு முன் ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தால் வேகம் கூடும் என்கிறார்கள் தோழிகள். உண்மையா? அது ஊக்கமருந்துக் கணக்கில் சேராதா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: தோழிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது; ஆனால் அது ஒரு கிளாஸ் டீக்குள் அடங்குவதில்லை.

உழைக்க உழைக்க மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள், தனக்குரிய ஏற்பிகளில் அமர்ந்து களைப்பை உணர்த்துகிறது. டீயிலும் காபியிலும் உள்ள, அமைப்பில் அதை ஒத்த கஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடுவதால், அதே வேகத்தில் ஓடினாலும் சிரமம் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் டேவிட் காஸ்டிலின் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கஃபீன் நீக்கிய காபியைக் குடித்துச் சுமார் 75 நிமிடங்களில் ஓய்ந்துபோன சைக்கிள் வீரர்கள், 330 மில்லிகிராம் கஃபீன் சேர்ந்த காபியைக் குடித்தபோது 90 நிமிடங்கள் தாக்குப்பிடித்தார்கள். கஃபீன் கொழுப்பை எரிபொருளாக்குகிறது என்று அப்போது தரப்பட்ட விளக்கம் பின்னாளில் வலுவிழந்தது. பலன் மட்டும் நிலைத்தது. ஆனால் அது ஓயும்வரை மிதிக்கும் சோதனை. குறித்த தூரத்தைக் கடக்கும் பந்தயத்தில் கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம்தான்.

அந்தப் பலனுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, போட்டிக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பாக எடுப்பதே ஆய்வுகளில் வழக்கம். உங்களுக்குக் குறைந்தபட்சம் 150 மில்லிகிராம். ஒரு கிளாஸ் டீயில் இருப்பதோ 30 முதல் 65 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டி. கடை டீயானால் நான்கைந்து கிளாஸ் வேண்டியிருக்கும்; அவ்வளவு பாலையும் சர்க்கரையையும் வயிற்றில் சுமந்துகொண்டு பன்னிரண்டரைச் சுற்று ஓடுவதைவிட, டீயே குடிக்காமல் ஓடுவது நல்லது. கஃபீன்தான் வேண்டுமென்றால் அளவான டிகாக்‌ஷன் காபி மேல். அதையும் முதலில் பயிற்சி நாளில் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் சிலருக்குப் படபடப்பும் வயிற்றுக் கலக்கமும்தான் மிஞ்சும்.

ஊக்கமருந்து பற்றிய பயம் வேண்டாம். முன்பு சிறுநீரில் கஃபீன் மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றமாக இருந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004-இல் கஃபீனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் கண்காணிக்க மட்டும் செய்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நெடுந்தூரம் ஓடும் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். சாப்பாட்டோடு குடிக்கும் டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆகவே உணவுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாலையில் தகுதிச்சுற்றும் மறுநாள் காலையில் இறுதிப்போட்டியும் இருந்தால், அன்று மாலை கஃபீனைத் தொடாதீர்கள். ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் ஏறக்குறையப் பாதி உடலில் தங்கி, உறக்கத்தைக் கெடுக்கும்.