வழு தீர்ந்ததாக வெப்கிட் சொல்கிறது. பக்கம் ஏன் இன்னும் சரியாகவில்லை?

கேள்வி: நான் பராமரிக்கும் இணையச் செயலியின் ஒரு பக்கத்தில், நெடுவரிசைகள் ஐபோனின் சஃபாரியில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இதே சிக்கல், சஃபாரியை இயக்கும் பொறியான வெப்கிட்டின் வழுப் (நிரல்பிழைப்) பதிவேட்டில் மூன்று வாரங்களுக்கு முன்பே 'தீர்க்கப்பட்டது' என்று குறிக்கப்பட்டுவிட்டது. ஆனால், கைபேசியைப் புதுப்பித்த பிறகும் பிழை அப்படியே இருக்கிறது. நாள்தோறும் குவியும் கமிட்டுகளில் (நிரலில் பதிவுசெய்யப்படும் மாற்றங்களில்) நான் எதைப் படிக்க வேண்டும்? பிழையைச் சமாளிக்க எழுதிய மாற்றுவழி நிரலை எப்போது நீக்கலாம்?

பதில்: வெப்கிட் திட்டத்தில் 'தீர்க்கப்பட்டது' என்றால், திருத்தம் 'மெயின்' எனப்படும் முதன்மைக் கிளையில், அதாவது நிரலின் முதன்மை வளர்ச்சிப் பாதையில், சேர்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள். அது பயனரின் கைக்கு வந்து சேர்வது வேறு கதை. வெளியீட்டுக்கென ஒரு கிளை முதன்மைக் கிளையிலிருந்து பிரிக்கப்பட்ட பிறகு, முதன்மைக் கிளையில் சேரும் திருத்தங்கள் தாமாக அதற்குள் போவதில்லை. தேவை என்று கருதப்படுபவை மட்டும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்துச் சேர்க்கப்படுகின்றன. ஐபோனில் வெப்கிட் இயங்குதளத்தின் ஓர் அங்கமாகவே வருவதால், அந்தக் கிளையிலிருந்து உருவாகும் இயங்குதளப் புதுப்பிப்பு வெளியாகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் திருத்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஓர் எண்ணை வைத்தே கண்டுகொள்ளலாம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்க சப்வெர்ஷன் என்ற கருவியைப் பயன்படுத்திய காலத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் இருந்தது. கிட் என்ற கருவிக்கு மாறியபோது கிடைத்த நீண்ட ஹாஷ் குறியீடுகளோ எது முன், எது பின் என்று சொல்வதில்லை. இந்தக் குறையைப் போக்கவே வெப்கிட் தன் கமிட்டுகளுக்குத் தனி அடையாள எண் வைத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, கமிட் குறிப்பின் கடைசி வரியில் '280000@மெயின்' என்ற வடிவில் ஓர் எண் இருந்தால், அது முதன்மைக் கிளையின் 280000-ஆவது கமிட். வெளியீட்டுக் கிளையில் உள்ள ஒரு கமிட்டின் எண் 279500.42 என்று இருந்தால், அந்தக் கிளை 279500-இல் பிரிந்தது என்றும், பிரிந்த பிறகு அதில் சேர்ந்த 42-ஆவது கமிட் அது என்றும் பொருள். புள்ளிக்கு முன்னுள்ள எண் உங்கள் திருத்தத்தின் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால், கிளை பிரிந்தபோது உங்கள் திருத்தம் பிறக்கவே இல்லை. பிறகு பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

இங்கே பலர் இடறுகிறார்கள். பொறுக்கிச் சேர்க்கப்பட்ட கமிட்டுக்குப் புதிய ஹாஷ் கிடைக்கும் என்பதால், 'இந்த ஹாஷ் அந்தக் கிளையில் இருக்கிறதா' என்று கிட்டிடம் கேட்டால், திருத்தம் உள்ளே இருந்தாலும் 'இல்லை' என்றே பதில் வரும். கிளையின் வரலாற்றில் வழு எண்ணையோ கமிட்டின் தலைப்பையோ கொண்டு தேடுவதே சரியான முறை.

அடுத்து, எதைப் படிப்பது என்ற கேள்வி. தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நல்ல வெப்கிட் கமிட்டில் வழுவின் இணைப்பு, மறுஆய்வு செய்தவரின் பெயர், காரண விளக்கம், மாற்றப்பட்ட கோப்புகளின் பட்டியல் ஆகியவை இருக்கும். பக்க அமைப்பு, வரைதல் தொடர்பானவை வெப்கோர் அடைவிலும், ஜாவாஸ்கிரிப்ட் பொறி அதன் பெயரிலேயே அமைந்த தனி அடைவிலும் இருப்பதால், உங்கள் நெடுவரிசைச் சிக்கலுக்கு வெப்கோரில் உள்ள 'ரெண்டரிங்' அடைவைத் தொடும் கமிட்டுகளை மட்டும் வடிகட்டினாலே குவியலின் பெரும்பகுதி விலகிவிடும். ஆனாலும், சி++ நிரலைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது சோதனைக் கோப்புகள்தான். திருத்தத்துடன் சேர்க்கப்பட்ட சோதனைப் பக்கத்தைத் திறந்து உங்கள் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். எதிர்பார்க்கும் முடிவைச் சொல்லும் உரைக்கோப்பில் 'ஃபெயில்' என்றிருந்த வரி 'பாஸ்' என்று மாறியிருந்தால், அந்த வரியில் எழுதப்பட்டுள்ள சூழல்தான் உண்மையில் திருத்தப்பட்டது. உயரம் சதவீதத்தில் கொடுக்கப்பட்ட நிலையை மட்டும் அந்தச் சோதனை பார்த்திருக்கலாம். உங்கள் பக்கம் குறைந்தபட்ச உயரத்தை நம்பியிருந்தால், வழு எண் ஒன்றாகத் தோன்றினாலும் சிக்கல் வேறு.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. புதிய வசதிகள் பெரும்பாலும் ஓர் இயக்குகொடிக்குப் (வசதியை இயக்கவோ அணைக்கவோ உதவும் அமைப்புக்குப்) பின்னால்தான் சேர்க்கப்படுகின்றன. நிரல் உள்ளே இருந்தும், கொடியின் நிலை முன்னோட்டப் பதிப்புக்கு மட்டும் என்று இருந்தால், பொதுப் பதிப்பில் அந்த வசதி அணைந்தே கிடக்கும். மற்றொன்று, சேர்க்கப்பட்ட கமிட் திரும்பப் பெறப்படலாம். தானியங்கிச் சோதனைகளில் ஏதேனும் தவறினாலோ வேகம் குறைந்தாலோ, மறுஆய்வுக்குக்கூடக் காத்திராமல் அதை விலக்கிவிடுவார்கள். ஒருமுறை, தீர்க்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்த ஒரு வழுவை நம்பி நான் மாற்றுவழியை நீக்கிவிட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கமிட் விலக்கப்பட்டு, வழு மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. ஆகவே, வழுவின் பக்கத்தைக் கடைசிக் குறிப்புவரை படியுங்கள்.

உறுதிசெய்துகொள்ள எளிய வழி, 2016 முதல் வெளிவரும் சஃபாரியின் முன்னோட்டப் பதிப்பான சஃபாரி டெக்னாலஜி பிரிவியூ. ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் எந்தக் கமிட்டிலிருந்து எந்தக் கமிட்வரை அதில் அடங்கும் என்று சொல்லப்பட்டிருக்கும். அது மேக்கில் மட்டுமே இயங்கும் என்றாலும், அமைப்புக் கணக்கீட்டு நிரல் பொதுவானது என்பதால் உங்கள் சிக்கலுக்குப் போதும். தொடுதல், திரைவிசைப்பலகை தொடர்பான வழுக்களுக்குத்தான் அது உதவாது. திருத்தம் அடங்கிய பதிப்பிலும் பிழை தொடர்ந்தால், பிழையைக் காட்டும் மிகச் சிறிய பக்கமொன்றை உருவாக்கிப் புதிய வழுவாகப் பதியுங்கள். முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டிருந்தால், தயாராகத் தொகுக்கப்பட்ட பழைய பதிப்புகளைக் கொண்டு, ஒவ்வொரு சோதனையிலும் மீதியைப் பாதியாகக் குறைத்து, இருகூறாக்கித் தேடலாம். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் பத்துச் சோதனைகளுக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும். அந்தக் கமிட்டின் எண்ணை வழுவில் குறித்தால், யாரிடம் கேட்பது என்ற தேடல் பொறியாளர்களுக்கு மிச்சமாகும்.

மாற்றுவழியை இப்போது நீக்காதீர்கள். திருத்தம் வெளியான பிறகும், இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்காத பழைய ஐபோன்களில் பழைய பொறியே தொடரும். சஃபாரியை மட்டும் தனியாகப் புதுப்பிக்கும் வசதி அவற்றில் இல்லை. அத்தகைய கருவிகளிலிருந்து வருவோர் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குக் குறைந்ததை உங்கள் தளத்தின் வருகைப் பதிவுகளில் பார்த்த பிறகே நீக்குங்கள். அதுவரை, மாற்றுவழிக்கு மேலே ஒரு குறிப்பாக வழு எண்ணையும் சோதனைப் பக்கத்தின் இருப்பிடத்தையும் எழுதி வையுங்கள். பதிப்பைக் கணக்கிடும்போது, உலாவி தன்னை அறிவிக்கும் சரத்தில் வெப்கிட்டின் பெயரை அடுத்துள்ள 605.1.15 என்ற எண்ணைப் பார்க்க வேண்டாம். அது பல ஆண்டுகளாக மாறாமல் உறைந்து நிற்கிறது. அதே சரத்தில் 'வெர்ஷன்' என்பதை அடுத்து வருவதுதான் சஃபாரியின் உண்மையான பதிப்பு எண்.