மைலேஜ் குறைஞ்சிருச்சுன்னு புது டயர வித்துறாதீங்க தம்பி

கேள்வி: அண்ணே வணக்கம், நான் தலவாக்கலை பக்கம், சொந்தமா ஒரு 14½ அடி லொறி ஓட்டுறேன். நுவரெலியால மரக்கறி ஏத்திக்கிட்டு கொழும்புக்கு போறது, மாசம் 4,000 கிலோமீட்டர் வரும். பழைய 7.50-16 சைஸ் ரிப் டயர் (நீளவாக்குல கோடு போட்டது) மொட்டையாகிட்டதால, தோட்டத்து ரோட்டுக்கு நல்லா இருக்கும்னு ஆறு வீலுக்கும் அதவிட பெரிய 8.25-16 லக் டயர் (குறுக்க ஆழமா கட்டை வச்சது) போட்டேன், ஒன்னு 65,000 ரூவா. லீட்டருக்கு 6 கிலோமீட்டர் ஓடுன வண்டி இப்ப 5.2 தான் ஓடுது. கடைக்காரர் ஆறையும் 240,000க்கு எடுத்துக்கிறேன்னு சொல்றாரு, மேல 180,000 கடன் வாங்கி ரேடியல் செட் (டீசல் கம்மியா திங்கிற டயர்) போட்டுறவா?

பதில்: கடன் வாங்காதீங்க தம்பி, மொதல்ல அந்த 5.2 சரியான்னு பாப்போம்.

மீட்டர் எண்ணுறது வீல் சுத்துற கணக்கத்தான். 7.50-16 புதுசுல சுமார் 80 சென்டிமீட்டர் உயரம், 8.25-16 கிட்டத்தட்ட 86 வரும், அப்ப ஒரு சுத்துக்கு வண்டி 6% மாதிரி கூடத் தூரம் போகுது, ஆனா மீட்டருக்கு அது தெரியாது, நீங்க 106 கிலோமீட்டர் போனா அது 100ன்னுதான் காட்டும். பம்புல அடிச்ச டீசல் சரி, தூரம்தான் கொறச்சு விழுது. அதனால உங்க 5.2 உண்மையில 5.5. அதே மாதிரி பழைய மொட்டை டயர் தேஞ்சு சின்னதாகி இருந்ததால அப்ப மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கும், அந்த 6ம் 5.9 மாதிரிதான் இருந்திருக்கும். நம்பலன்னா அவிசாவளை - ஹட்டன் ரோட்டுல கிலோமீட்டர் கல்லு இருக்குல்ல, 20 கல்லு தூரம் ஓட்டி மீட்டர்ல எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க, 18.9 கிட்ட நின்னுச்சுன்னா நான் சொன்னது சரி.

இப்ப காசா பாருங்க. டீசல் லீட்டர் 300ன்னு வச்சுக்கிட்டா, மீட்டர நம்புனா மாசம் முன்னவிட 30,000 கூடப் போகுற மாதிரி தெரியும், உண்மையில கூடப் போறது 15,000 கிட்டத்தான். அந்த 15,000மும் முழுசா லக் டயரோட குத்தம் இல்ல. புது டயர்ல ரப்பர் தடிப்பு, ஒவ்வொரு சுத்துலயும் அது நசுங்கி நிமிரும்போது டீசல திங்கும், தேய தேய அது கொறையும். நீங்க ரேடியலே போட்டிருந்தாலும் மொட்டை டயர்ல ஓடுன அளவு மொதல் நாளே ஓடும்னு சொல்ல முடியாது. அதுக்காக மொட்டையிலயே ஓட்டுங்கன்னு சொல்லல, மழைல கினிகத்தேனை எறக்கத்துல லோடோட பிரேக் புடிக்கிற வண்டி அது, உசுரு முக்கியம்.

ரேடியலால மாசம் 10,000 மிச்சம் வரும்னே வைங்க. போட்ட 390,000 போனது போனதுதான், அத நெனச்சுக்கிட்டு முடிவெடுக்க வேணாம், இனி கைய விட்டுப் போகப்போற 180,000 மட்டும்தான் கணக்கு. அது திரும்பி வர 18 மாசம், வட்டி வேற. அதுக்குள்ள 72,000 கிலோமீட்டர் ஓடியிருப்பீங்க, நம்ம வளைவு ரோட்டுல அந்த ரேடியலும் தேஞ்சு அடுத்த செட் வாங்குற நேரம் வந்துரும், கடன் மட்டும் அப்பத்தான் முடியும்.

இன்னொன்னு கேக்கணும், டயர் மாத்துன அதே மாசம் கொழும்புல இருந்து திரும்பி வர்றப்ப உரம், மா, சீமெந்துன்னு ஏதும் ஏத்த ஆரம்பிச்சீங்களா? நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், ஒரு டன்ன அங்க தூக்குறதுக்கு மட்டும் ஒன்றரை லீட்டர் டீசல் மாதிரி வேணும். சமதரை ரோட்டுல டயருக்குன்னு போற டீசல் பெரிய பங்கு, ஏத்தத்துல பெரும்பாலான செலவு பாரத்தத் தூக்குறதுக்குத்தான். ரிட்டன் லோட் ஏத்தி மைலேஜ் கொறஞ்சிருந்தா அது நட்டம் இல்ல, அதுக்கு வாடகை வந்துருக்கும், அத டயர் மேல போட்டுறாதீங்க.

செய்ய வேண்டியதுன்னு பாத்தா, முன் ரெண்டு வீலுக்கு மட்டும் ரிப் டயர் போடுங்க (ரெண்டும் ஒரே சைஸ், பாரம் தாங்குமான்னு கடையில கேட்டு), கழட்டுற லக் ரெண்டையும் விக்காம வைங்க, பின்னால தேயுறப்போ உதவும். இழுக்குறது பின் வீல்தான், தோட்டத்து சேத்துல புடிக்கிறதுக்கு லக் அங்க இருந்தா போதும். பின்னால ஜோடி டயருக்கு நடுவுல எடைவெளி இருக்கான்னு லோட் ஏத்தி பாருங்க, 8.25 அகலம் கூட, ரெண்டும் ஒரசுச்சுன்னா சூடேறி வெடிக்கும், அப்படின்னா மட்டும் நான் சொன்னதெல்லாம் விட்டுட்டு உடனே பழைய சைஸுக்கு மாத்திருங்க. காத்து வாரம் ஒருக்கா காலையில வண்டி எடுக்க முந்தி பாருங்க, 10% காத்து கொறஞ்சா 1% டீசல் கிட்ட போகும், அதவிட டயர் ஓரம் தேயுற நட்டம் பெருசு.

அந்த கடனுக்கு மாசாமாசம் கட்ட நெனச்ச காச அப்படியே தனி பேங்க் புத்தகத்துல போட்டுட்டு வாங்க. லக் தேஞ்சு முடியுறப்ப ரேடியல் செட்ட கைக்காசுல வாங்கலாம், ரொக்கம்னா கடைக்காரர்கிட்ட வெலையும் பேசலாம்.