ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன், வீட்டுல அனுப்புற 4000 ரூவா 20ஆம் தேதியே தீர்ந்துடுது, எப்படி சமாளிக்கிறது?

தம்பி, மெஸ் பீஸ் தனியா கட்டியாச்சு, 4000 கைச்செலவுக்குத்தான், பத்தாததுக்கு லோன் ஆப்ல வாங்குறேன்னு எழுதியிருக்கீங்க. காசு தீர்றது சரி பண்ணக்கூடிய விஷயம். அந்த ஆப்தான் எனக்குப் பயமா இருக்கு.

எனக்கு காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். எங்க ஐயா ஒரு செட்டியார் வீட்டுல கணக்கு எழுதுனவங்க. பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவங்க கடைகள்ல பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியா இருந்து தொழில் பழகுற பையனா, சேர்றவனுக்கு மொதப் பாடமே, ராத்திரி ஏட்டுல இருக்குற இருப்பும் பெட்டியில இருக்குற காசும் ஒத்துப்போகணும்கிறதுதான்னு சொல்லுவாங்க. அதையே நீங்களும் செய்யுங்க, படுக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் போதும். ஜிபே ஹிஸ்டரி இருக்கேன்னு சொல்லாதீங்க, அதுல கடை பேரும் 70 ரூவான்னும் இருக்கும், அது நீங்க குடிச்ச டீயா, நாலு பேருக்கு நீங்க மட்டும் குடுத்த பில்லா, திரும்பி வரவேண்டிய கைமாத்தான்னு இருக்காது. எதுக்குன்னு கையால எழுதணும். ஒரு மாசம் எழுதுனா ஓட்டை எங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், நான் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணு, அரசுப் பள்ளியில படிச்சேன், அரசு மாசாமாசம் குடுக்குற தமிழ்ப் புதல்வன் 1000 ரூவா வருதுன்னும் சொல்லியிருக்கீங்க. அதை இந்த 4000 கூட கலக்கவே கூடாது. எங்க பக்கம் கடைக் கணக்குல மகமைன்னு தர்மத்துக்கு ஒரு பங்கைத் தனியா எடுத்து வைப்பாங்க, அதுல வேற செலவுக்குக் கை வைக்கிறதில்ல. அந்த மாதிரி இந்த ஆயிரத்தை ஜிபேல சேர்க்காத அக்கவுன்ட்டுக்கு மாத்திடுங்க. செமஸ்டருக்கு செமஸ்டர் எக்ஸாம் பீஸ் வரும், ரெக்கார்டு நோட்டு, தீபாவளி பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ் டிக்கெட், இதெல்லாம் வரும்னு முன்னாடியே தெரிஞ்ச செலவு, ஆனா வர்ற மாசத்துல திடீர்னு வந்த மாதிரி ஆளைக் கவுத்துடும். அதுக்குத்தான் இந்த ஆயிரம்.

இப்ப அந்த லோன் ஆப். 3000 கடன்னு சொல்லி 600 பிராசஸிங் பீஸ் புடிச்சுக்கிட்டு கையில 2400 குடுக்குறான், ஏழு நாள்ல 3000 கட்டணும்னு வச்சுக்குவோம். நம்ம ஊர்க் கணக்குல போட்டுப் பாருங்க, நூத்துக்கு வாரம் 25, அப்ப மாசத்துக்கு நூறு வட்டி! ஊர்ல ஒருத்தர் மூணு வட்டிக்கு வாங்கிட்டார்னாலே பாவம் எப்படி மீளப் போறாரோன்னு பேசுவோம், கந்து வட்டிக்கு எதிரா 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, அதைவிட மோசமானதை போன்ல ரெண்டு தட்டு தட்டி வாங்கிடுறீங்க. கிரெடிட் கார்டும் பாக்கி வச்சா மாசம் மூணு மூணரை வட்டி ஓடும், மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்தா அசல் அசையாது. யார் கடன் குடுத்தாலும் வருஷ வட்டி எவ்வளவுன்னு கேளுங்க, முறையான கம்பெனின்னா பேங்க் அல்லது என்பிஎஃப்சி (பேங்க் இல்லாத நிதி நிறுவனம்) பேரோட வருஷ வட்டி எல்லாம் சேர்த்து எழுத்துல தரணும்கிறது ரிசர்வ் பேங்க் விதி. தராதவன்கிட்ட வாங்காதீங்க.

இருக்குற பாக்கியை இன்னொரு ஆப்ல வாங்கி அடைக்காதீங்க, தயவு செஞ்சு. அப்பாகிட்ட சொல்லிடுங்க. திட்டுவார், ஆனா வட்டி கேக்க மாட்டார். போன்ல இருக்குற நம்பருக்கெல்லாம் மெசேஜ் போடுவோம், போட்டோவை மாத்திப் போடுவோம்னு மிரட்டுனா பயந்து காசு அனுப்பாம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் நம்பர் அது.

எஜுகேஷன் லோனுக்கு இப்ப ஏதும் கட்டணுமான்னு கடைசியா கேட்டிருந்தீங்க. பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கிடையாது, ஆனா வட்டி இப்பவே ஓடிக்கிட்டுதான் இருக்கு. முடிஞ்ச மாசம் அந்த வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தீங்கன்னா பின்னாடி அது அசல்ல ஏறாது. எவ்வளவு ஓடியிருக்குன்னு உங்க பேங்க் கிளையில போய் ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்க.