கொட்டிலில் கிடக்கும் வேல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். பெங்களூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். அங்கே அணுகுண்டு விழுந்தால் எங்கள் கதி என்ன சார்?
– ஓசூர் வாசகர்

பதில்: சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் போட்ட குண்டு சுமார் 15 கிலோ டன், அதாவது பதினைந்தாயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அது வெடித்த இடத்தைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டமானது. அந்த அளவுக் குண்டின் அதிர்ச்சியோ அனலோ 40 கிலோமீட்டர் தாண்டி வந்து உங்கள் வீட்டை இடிக்காது. வரக்கூடியது தூசு. குண்டு தரையோடு வெடித்தால் மண்ணும் கட்டடமும் கதிரியக்கத் துகளாக மேலே போய், காற்று அடிக்கிற பக்கமாக இறங்கும். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

நல்ல விஷயம், அதன் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும். வெடித்து ஒரு மணி நேரத்தில் இருக்கிற கதிர்வீச்சு, ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகும், இரண்டு நாளில் நூறில் ஒரு பங்காகும். அதனால் ஓடாமல் இருப்பதுதான் புத்தி: காங்கிரீட் வீடு, நடு அறை, ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளேயே இருப்பது, வெளியிலிருந்து வந்தவர் உடுப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிப்பது. ஆனால் நாம் என்ன செய்வோம்? பெண்டாட்டி பிள்ளையை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் கிளம்புவோம், பெங்களூரும் பின்னாலேயே வரும். தீபாவளிக்கு முந்தின ராத்திரியே அந்த ரோடு எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: 'நாங்கள் முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம்' என்று இந்தியா சொல்லி வைத்திருப்பது ஏமாளித்தனம் இல்லையா? பாகிஸ்தான் அப்படிச் சொல்லவில்லையே?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: நம்ம ஊர்க் கதையிலிருந்தே வருகிறேன் தம்பி. தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். வேலெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருந்தது. எங்கள் மன்னனுடையது முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று ஔவை ஒரு போடு போட்டார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு நாமெல்லாம் தொண்டைமானைப் பார்த்துச் சிரித்தோம். அணுகுண்டு விஷயத்தில் மட்டும் நான் தொண்டைமான் கட்சி. அது நெய் பூசிக் கொட்டிலில் கிடக்கும் வரைதான் ஆயுதம், ஒரு தடவை எடுத்துவிட்டால் முறிந்த முனையைக் கொண்டுபோகப் பட்டறையும் இருக்காது, கொல்லனும் இருக்கமாட்டான்.

2003 ஜனவரி 4 அன்று இந்தியா வெளியிட்ட கொள்கை அதைத்தான் சொல்கிறது. முதலில் அடிக்க மாட்டோம், நம்மை அடித்தால் தாங்க முடியாத அளவுக்குத் திருப்பி அடிப்போம். ரசாயன, உயிரி ஆயுதத்தால் பெரிய தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தை எடுக்கும் உரிமை உண்டு என்று ஒரு கொக்கியும் அதில் இருக்கிறது. எதிராளி முந்திக்கொள்வானோ என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தால், இரண்டு பேருமே முந்தப் பார்ப்பார்கள். அந்தப் பயத்தைத் தணிக்கத்தான் இந்த வாக்குறுதி. அடி வாங்கிய பிறகும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமே, அதற்குத்தான் அணு ஏவுகணை சுமக்கும் அரிஹந்த் மாதிரி நீர்மூழ்கிகள் கடலுக்கடியில் ஒளிந்து திரிகின்றன.

பாகிஸ்தானுக்கு ராணுவ பலம் நம்மைவிடக் குறைவு. அதனால் வாக்குறுதி கொடுக்க மறுப்பதுதான் அவர்களுக்குப் பலம். 60, 70 கிலோமீட்டர் மட்டும் போகும் நஸ்ர் என்ற அணு ஏவுகணையை, உள்ளே நுழையும் நம் படைமேல் போடத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்: பாலைவனத்தில் நாலு டாங்கிமேல் ஒரு சின்னக் குண்டு விழுந்தால் பதிலுக்கு ஒரு நகரத்தையே அழிப்போம் என்று நாம் சொல்வதை அவர்கள் நிஜமாகவே நம்புகிறார்களா? 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், நாம் அணுகுண்டுச் சோதனை நடத்திய பொக்ரானில் நின்று, முதலில் அடிக்க மாட்டோம் என்பது இதுவரை, இனி என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அப்படிக் குழப்பி வைப்பதால் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி: பொத்தானை அழுத்துவது யார்?
– அரூர் வாசகர்

பதில்: பொத்தானெல்லாம் சினிமாவில். பிரதமர் தலைமையிலான அரசியல் குழுதான் உத்தரவு போட முடியும்.

கேள்வி: வேண்டுமென்றே யாரும் போட மாட்டார்கள், சரி. தப்பு நடந்துவிட்டால்?
– ஆசிரியை, பென்னாகரம்

பதில்: இந்த வாரக் கேள்விகளில் என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான் டீச்சர். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. மூன்று அதிகாரிகளை வேலையை விட்டு நீக்கினார்கள். அதே தப்பு 2025 மே மாதச் சண்டைக்கு நடுவே நடந்திருந்தால்? அந்த ராத்திரிகளில் ஒருநாள் தர்மபுரியில் டீக்கடையில் நின்றிருந்தேன். கராச்சித் துறைமுகமே போச்சு என்று டிவியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், அது பொய்ச் செய்தி என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "அப்ப காலையில பால் வண்டி வருமாங்க?" என்று கேட்டார்.

1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை விட்டுவிட்டதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியது. பணியில் இருந்த பெத்ரோவ் என்ற அதிகாரி, போர் தொடுப்பவன் வெறும் ஐந்தோடு நிறுத்துவானா என்று யோசித்து, கருவிக் கோளாறு என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது. பெத்ரோவுக்கு யோசிக்கச் சில நிமிடம் கிடைத்தது. நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு அந்த நிமிடங்களும் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: இரண்டு நாடும் பேசிக்கொள்வதே இல்லையா?
– காவேரிப்பட்டினம் மாந்தோப்புக்காரர்

பதில்: வருஷத்துக்கு ஒரு நாள் உறுதி. ஒருவர் அணுநிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்று 1988இல் போட்ட ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணுநிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் போர் நடந்தும் நிற்கவில்லை, மே சண்டைக்குப் பிறகு வந்த ஜனவரியிலும் நிற்கவில்லை. அன்றைக்கே இன்னொரு பட்டியலும் கைமாறும். எல்லை தாண்டிப் போய் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சிறையில் கிடக்கிற மீனவர்கள், மற்ற கைதிகள் பெயர்களெல்லாம் அதில் இருக்கும்.