மாதம் 500 ரூபாய் நாப்கின் செலவு: எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் இரண்டு மகள்களுக்கும் (19 வயது, 14 வயது) நாப்கினுக்கு மட்டும் மாதம் 500 ரூபாய் ஆகிறது. பெரியவளுக்கு எப்பவும் இரண்டு பாக்கெட் கூடுதலாக வேண்டும். கப் (மாதவிடாய் நாளில் உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கிற சின்ன சிலிக்கான் கிண்ணம்) வாங்கினால் மிச்சமாகும் என்கிறார்கள், கல்யாணமாகாத பெண் அதை வைக்கலாமா? துணிக்கு மாறலாம் என்றால் மொட்டை மாடியில் காயப்போட மாமியார் விடமாட்டார். என்ன செய்வது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாப்கின் செலவைக் குறைக்க நினைக்கிற பெண்கள் பலரும் முதலில் செய்வது, ஒரே நாப்கினைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்திருப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள், மகள்களையும் செய்ய விடாதீர்கள். நாப்கின் நிறையாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் தொடை உரசிப் புண்ணாகும், அரிப்பு வரும், அப்புறம் களிம்புக்கும் மாத்திரைக்கும் போகிற காசு நாப்கினில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். 28 நாள் சுழற்சி என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 முறை. அப்படியானால் நீங்கள் வருடத்துக்குச் செலவழிப்பது சுமார் 6,500 ரூபாய். மூன்று பேரையும் ஒரே பொருளுக்கு மாற்றப் பார்க்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. யாருக்கு, எந்த நாளில், எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்த்தால்தான் காசு மிஞ்சும், யாரும் கஷ்டப்படவும் வேண்டாம்.

சின்னவளுக்கு நீங்கள் கடையில் வாங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டம் 2012-இலிருந்து நடக்கிறது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின் என்று இலவசமாகக் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளியிலேயே, மற்றபடி அங்கன்வாடியிலும் சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். கூச்சப்பட்டு வாங்காமல் வருகிற பிள்ளைகள் நிறையப் பேர், உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். போதாததற்கு மக்கள் மருந்தகத்தில் 'சுவிதா' நாப்கின் இருக்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து ஒன்று 1 ரூபாய்தான். (முதல்வர் மருந்தகம் வேறு, இது மத்திய அரசின் ஜன் ஔஷதி கடை.) இருப்பு இருக்கும்போது இரண்டு மூன்று பாக்கெட் சேர்த்து வாங்கி வையுங்கள். இரத்தப்போக்கு அதிகமுள்ள முதல் இரண்டு நாள் வெளியே போகும்போது இது போதாமல் போகலாம், மூன்றாம் நாளிலிருந்து தாராளமாகப் போதும். நாலாம் நாளும் 11 ரூபாய் எக்ஸ்எல் வைப்பதில்தான் பல வீடுகளில் காசு கரைகிறது.

உங்களுக்கு நான் கப்தான் சொல்வேன். பனியன் கம்பெனியில் நினைத்த நேரத்துக்கு எழுந்து போக முடியாது, போனாலும் தண்ணீர் வருமா, குப்பைத் தொட்டி இருக்குமா என்பது சந்தேகம். கப்பை 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்பதால் காலையில் வீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் வந்து கொட்டிக்கொள்ளலாம். போக்கு அதிகமான நாளில் மட்டும் இடையில் ஒரு முறை தேவைப்படும். 300, 400 ரூபாய்க்கே நல்ல கப் கிடைக்கிறது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் வரை வரும். பெட்டியில் 'மெடிக்கல் கிரேடு சிலிக்கான்' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது இல்லாமல் நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்க வேண்டாம். 2019-இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழ் 43 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை, கப் பாதுகாப்பானது, கசிவும் நாப்கின் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கிறது என்று சொல்லியது. பக்கத்தில் கேரளாவில் அதே வருடம் ஆலப்புழை நகராட்சிப் பகுதியில் 5,000 கப் இலவசமாகவே கொடுத்தார்கள்.

வைக்கும் முறை: நகத்தை வெட்டி, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நம் ஊர் டாய்லெட்டில் உட்காருகிற மாதிரி குந்தி உட்காருங்கள், அதுதான் இதற்கு வசதியான நிலை. கப்பின் வாயை அழுத்தி இரண்டாக மடித்து, நேர் மேலே இல்லாமல் முதுகுப் பக்கமாகச் சாய்த்து உள்ளே தள்ளி விட்டால் தானாக விரியும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பகுதியை இரண்டு விரலால் பிதுக்கினால் காற்று போய் பிடி தளரும், அப்புறம் மெதுவாக இறக்குங்கள். காப்பர் டி போட்டிருந்தால் இந்த இழுப்பில் அதுவும் நகர வாய்ப்பிருக்கிறது, அதனால் அதைப் போட்டுவிட்ட மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை ஒரு சின்ன நாப்கினும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் முடிந்தபின் இதற்கென்றே ஒதுக்கிய சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் போதும், கப் ஸ்டெரிலைசர் என்று விற்கிற மின்சாதனம் வீண் செலவு. உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படியும், குடிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். துணிப் பையில் வையுங்கள், காற்றுப் போகாத டப்பாவில் வேண்டாம்.

பெரியவள் கப் வைக்கலாமா என்றால், வைக்கலாம். கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கன்னித்திரை என்பது வழியை மூடியிருக்கிற கதவு இல்லை, விளிம்பில் இருக்கிற மெல்லிய சவ்வு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கப் வைக்கும்போது விரியலாம், சிலருக்குக் கிழியவும் செய்யலாம், அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைப் பார்த்து ஒரு பெண்ணின் கன்னித்தன்மையை யாராலும், எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கே விருப்பம் வந்து கேட்டால் மட்டும் சின்ன அளவு வாங்கிக் கொடுங்கள், காசு மிச்சம் என்று நீங்கள் வற்புறுத்தக் கூடாது. அதுவரை ராத்திரிக்கும் வீட்டில் இருக்கிற நாளுக்கும் துணி நாப்கின் நல்லது. ஆரோவில்லின் 'ஈகோ ஃபெம்' போல நிறையப் பேர் தைத்து விற்கிறார்கள், ஒன்று 200 ரூபாய் பக்கம் வரும், ஐந்து இருந்தால் சமாளிக்கலாம். வீட்டில் தைப்பதாக இருந்தால் பழைய காட்டன் வேட்டிதான் சரி. கம்பெனி கட்பீஸில் பாலியெஸ்டரோ லைக்ராவோ கலந்திருந்தால் ஈரத்தை இழுக்காது.

மாமியார் விஷயம்: துணி நாப்கினால் தொற்று வருகிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் துணி இல்லை, அதைக் கதவுக்குப் பின்னாலும் பாவாடைக்கு அடியிலும் மறைத்து அரைகுறையாகக் காயவைப்பதுதான். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து (சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும்) சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காய வேண்டும். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதீர்கள், உறிஞ்சுகிற தன்மை போய்விடும். அடர்ந்த நிறத்தில் பூப்போட்ட துணியாக வாங்கி, பட்டனைத் திறந்து கிளிப் ஹேங்கரில் மாட்டினால் பார்க்கிறவர்களுக்குக் கர்ச்சீப் மாதிரிதான் தெரியும், மாமியாரிடம் அதையே ஒன்று காட்டிப் பேசிப் பாருங்கள். அடைமழைக் காலத்தில் காயவில்லை என்றால் அந்த மாதம் நாப்கினுக்கே திரும்பிவிடுங்கள், ஈரத்துணி வேண்டவே வேண்டாம். இன்டிமேட் வாஷ், வாசனை போட்ட நாப்கின், தினமும் லைனர் இதெல்லாம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்திவிடலாம். வெளிப்பக்கம் கழுவ வெறும் தண்ணீர் போதும்.

இப்படி மாற்றினால் முதல் வருடம் கப் 400, துணி நாப்கின் 1,000, ஒரு ரூபாய் நாப்கின் 325, பெரியவளின் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் எக்ஸ்எல் 700 சொச்சம், ஆக 2,500-க்குள் முடிந்துவிடும். அடுத்த வருடம் ஆயிரம் சொச்சம்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பெரியவளின் அந்த இரண்டு பாக்கெட். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள் வருகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நாப்கினை மாற்றுவதற்கு முன் அவளை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, ஹார்மோன் கோளாறு, இரத்தம் உறைவதில் குறை என்று எதுவாகவும் இருக்கலாம், பெரும்பாலானவற்றுக்கு மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது, இந்த மாதிரி போக்கு இருந்தால் அவளுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.