செக் எல்லையில் நெரிசல், ஜெர்மனி பில் கட்டுமா?

வடக்கு ஜெர்மனியின் காற்றாலை மின்சாரம் போலந்து, செக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டு தெற்கு ஜெர்மனிக்குப் போகிறது, அதில் கம்பி நிரம்பினால் சரிசெய்யும் செலவு செக் தலையில்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, முழுக்க அப்படி இல்லை.

மின்சாரம் ஒப்பந்தத்தைப் பார்த்து ஓடாது, தடை குறைவான பாதையெல்லாம் பிரிந்து ஓடும். அதனால் நெரிசலைத் தீர்க்க ஒரு பக்க மின் ஆலையின் உற்பத்தியைக் குறைத்து மறுபக்கம் கூட்டுகிற செலவை, கம்பியை நிரப்பியது யாருடைய ஓட்டம் என்று பிரித்துப் பார்த்துத்தான் பங்கிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஏசர் (ACER), ஜெர்மனி, போலந்து, செக் எல்லாம் அடங்கிய ‘கோர்’ (Core) பகுதிக்கு 2020 நவம்பரில் முடிவுசெய்த முறையின் அடிப்படையும் இதுதான்.

அந்த முறையில் கவனிக்க வேண்டியது சுற்றோட்டத்துக்கான 10% வரம்பு. சுற்றோட்டம் என்றால், ஒரு நாட்டுக்குள்ளேயே போக வேண்டிய மின்சாரம் பக்கத்து நாட்டுக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டு போவது. 1000 மெகாவாட் கம்பி என்றால் சுமார் 100 மெகாவாட் வரை சுற்றோட்டத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டியதுதான் முதலில் கணக்கில் ஏறும், அந்தச் செலவுப் பங்கு சுற்றோட்டத்தை உண்டாக்கிய மின்சந்தை மண்டலத்தின் தலையில் விழும். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் பின்னிப் பிணைந்த கட்டமைப்பில் சுற்றோட்டத்தைப் பூஜ்யமாக்கவே முடியாது.

அப்புறம், செக்காரர்கள் ஜெர்மன் எல்லைப் பக்கம் ஹ்ராடெட்ஸ் துணைமின் நிலையத்தில் வைத்திருக்கும் ஃபேஸ் ஷிஃப்டர்களை, அதாவது கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் மின்மாற்றிகளை, மறக்காதீர்கள். அவை ஓட்டத்தைத் தள்ளிவிடும்போது வேறு கம்பி நிரம்பலாம், அதையும் தனியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்கிறது அந்த முறை.